கொல்லிப்பாவையும் ஒரு கொசுவும்

'என்னப்பா... இங்கேயே டேரா போட்டுட்டியா?'

நாலு நாள் தங்க வந்துவிட்டு, நாற்பது நாளாகியும் மூட்டை கட்டாத மைத்துனரைப் பார்த்து நாம் (மனசுக்குள்!) கேட்கிற கேள்வி இது. டேரா என்றால் கூடாரம். வடக்கேயிருந்து படைகளோடு வந்து, நம் வீட்டுத் திண்ணையில் வசதியாக உட்கார்ந்துகொண்ட வார்த்தை.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே நல்ல வார்த்தைகள் உண்டு. பாசறை, பாடிவீடு, பாளையம்... பாளையம் என்றால் படை இறங்கித் தங்கும் இடம். மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம் என்று கொங்கு நாட்டு பஸ் போர்டுகளைப் படித்துக்கொண்டே போனால், திரும்பின பக்கமெல்லாம் பாளையம்தான். எப்போதோ ஒரு கூட்டம் வந்து இறங்கிய ஞாபகம், அந்தப் பெயர்களில் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கு நம்மவர்களும் கூடாரத்தைச் சுருட்டி காரில் போட்டுக்கொண்டு கிளம்ப ஆரம்பித்துவிட்டார்கள். கட்டில், சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற கேரவன் வண்டிக்காக 2021-ல் கேரள அரசு தனியாக ஒரு திட்டமே அறிவித்தது. அப்படிக் கிளம்புகிற நாலு பேரிடம் 'எங்கே தங்கணும்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர், 'ஆத்தங்கரைதான் சார் சுகம்' என்பார். இன்னொருவருக்கு மலை உச்சி வேண்டும், காலையில் கண்ணைத் திறந்தால் மேகம் தெரிய வேண்டும். மூன்றாமவர், 'பாத்ரூம் பக்கத்துல இருந்தா போதும்பா' என்பார். நாலாமவருக்கு செல்போன் சிக்னல்!

எல்லாம் அவரவர் இஷ்டம் என்றுதான் தோன்றும். ஆனால், சரித்திரத்தைப் புரட்டினால் விஷயம் அத்தனை சாதாரணமாக இல்லை. யாரோ ஒருவர் 'இங்கே தங்கலாம்', 'இங்கே வேண்டாம்' என்று எடுத்த முடிவில் சில மலைகளின் தலையெழுத்தே மாறியிருக்கிறது.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு... வெள்ளைக்காரர்கள் உருவாக்கிய மலை ஊர்கள் என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லும். அந்த வரிசையில் கொல்லிமலை ஏன் இல்லை? சேலத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். ஜிலுஜிலு காற்று, அருவி, பலா, மிளகு, மலை வாழை... எதில் குறைச்சல்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, முதலில் அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கலெக்டரின் கூடாரத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

*

1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில், சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. புது நிலம். யாரிடம் எத்தனை காணி, என்ன விளைகிறது, எவ்வளவு வரி? ஒன்றும் தெரியாது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியின் தலைமையில் சில இளம் அதிகாரிகளை அனுப்பினார்கள். அதில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஆமாம், சென்னையில் தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரையில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்!

ஊர் ஊராகப் போய், நிலத்தை அளந்து, குடியானவனிடம் நேராகப் பேசி வரி நிர்ணயிப்பது வேலை. ஆபீஸ் கட்டடமா, பங்களாவா... எதுவும் கிடையாது. கூடாரம்தான் வீடு, கூடாரம்தான் கச்சேரி. பாராமகாலில் ஏழு வருடம் இப்படி அலைந்தார். அதற்குப் பிறகு கடப்பை, பெல்லாரிப் பக்கம் 1800 முதல் 1807 வரை மறுபடி அதே நாடோடி வாழ்க்கை.

கலெக்டர் துரை 'கேம்ப்' போகிற அழகே தனி. இரண்டு செட் கூடாரம் வைத்திருப்பார்கள். துரை இன்று ஒரு கூடாரத்தில் தூங்கும்போதே, இன்னொன்று மாட்டு வண்டியில் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடும். விடியற்காலையில் அவர் குதிரை ஏறிப் போய்ச் சேரும்போது அங்கே கூடாரம் நிமிர்ந்து நிற்கும், மேஜையில் காலைச் சாப்பாடு தயார்! இது மொகலாயர்களிடம் கற்ற வித்தை. ஒளரங்கசீப் காஷ்மீர் போனபோது கூடவே போன பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், முன்னால் போகும் இந்த இரட்டைக் கூடார ஏற்பாட்டை வாய் பிளந்து எழுதிவைத்திருக்கிறார்.

கூடாரத்துக்கு எந்த இடம்? துரைமார்களின் முதல் விருப்பம் மாந்தோப்பு. வெயில் காலத்திலும் அடர்த்தியான நிழல், பக்கத்திலேயே கிணறு. நம்முடைய 'தோப்பு' என்ற வார்த்தையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் 'டோப்' என்று இங்கிலீஷ் அகராதியில் சேர்த்துவிட்டார்கள். அவ்வளவு பிடித்தம்!

பார்க்கப்போனால் அந்தக் கூடாரத்தை நாம் இன்னமும் சுருட்டவில்லை. கலெக்டரின் வீட்டோடு சேர்ந்த அலுவலகத்துக்கு இன்றும் 'முகாம் அலுவலகம்' என்றுதான் பெயர். தாலுகா ஆபீஸில் வருஷா வருஷம் ஜமாபந்தி நடக்கிறது. கூடாரம் போய் ஏ.சி. வந்தாயிற்று, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

துரைக்கு மாந்தோப்பு. நில அளவைக்காரருக்கு அந்தச் சொகுசு இல்லை. 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து, இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளக்க ஆரம்பித்தார் வில்லியம் லாம்டன். அவருக்குத் தேவை, தூரத்து மலை கண்ணுக்குத் தெரிகிற உச்சி. அங்கே தண்ணீர் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, புலி இருக்கிறதா... இதெல்லாம் அப்புறம். அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் (சிகரத்துக்குப் பெயர் கொடுத்தவர்தான்) 1819-ல் கிருஷ்ணா, கோதாவரி நதிகளுக்கு நடுவே காட்டில் முகாம் போட்டபோது, மொத்தக் கூட்டமும் காய்ச்சலில் விழுந்தது. கூட வந்தவர்களில் பலர் செத்துப்போனார்கள். எவரெஸ்ட் உடம்பைத் தேற்றிக்கொள்ளக் கப்பலேறி தென்னாப்பிரிக்கா வரை போக வேண்டியதாயிற்று. லாம்டன் 1823 ஜனவரியில், பயணம் போகிற வழியிலேயே, இன்றைய மகாராஷ்டிராவில் இருக்கிற ஹிங்கன்காட்டில் உயிரை விட்டார்.

மன்றோவின் முடிவும் முகாமில்தான். சென்னை கவர்னராகி, ஊருக்குத் திரும்புவதற்கு முன் பழைய ஜனங்களை ஒருதடவை பார்த்துவிட்டு வரலாம் என்று 1827-ல் கிளம்பினார். போன இடத்தில் காலரா. ஜூலை 6-ம் தேதி, ஆந்திராவில் கர்னூல் பக்கம் பத்திகொண்டா என்ற ஊரில் கதை முடிந்தது. காலரா தண்ணீரில் வருகிறது என்பதை லண்டனில் ஜான் ஸ்நோ என்ற டாக்டர் தெருப் பம்பை வைத்து விளக்கியது 1854-ல்தான்.

துரைகளின் பெயராவது கல்லறையில் இருக்கிறது. கூடாரம் சுமந்த லஸ்கர், சமையல்காரர், வண்டிக்காரர், குதிரைக்காரர்... அதே முகாமில் அதே காய்ச்சலில் போன அந்த ஆட்களின் பெயர்களை யார் எழுதிவைத்தார்கள்?

*

இப்போது புரிகிறதா? அந்தக் காலத்தில் 'எங்கே தங்குவது' என்பது ரசனை சம்பந்தப்பட்ட கேள்வியே இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

காய்ச்சல் எதனால் வருகிறது? 19-ம் நூற்றாண்டு டாக்டர்களைக் கேட்டால், 'கெட்ட காற்று' என்பார்கள். சதுப்பிலிருந்தும், அழுகிய இலைகளிலிருந்தும் ராத்திரியில் ஒரு விஷ ஆவி கிளம்புகிறதாம். அதைச் சுவாசித்தால் காய்ச்சலாம். மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் அர்த்தம்.

அதனால் முகாம் போட ஏகப்பட்ட விதிமுறைகள். சதுப்புப் பக்கம் போகாதே. பள்ளத்தில் படுக்காதே. மலை அடிவாரக் காட்டைப் பகலிலேயே தாண்டிவிடு, ராத்திரி அங்கே தங்காதே. ஓடுகிற தெளிந்த ஓடைப் பக்கம் கூடாரம் போடு. 1855-ல் பிரான்சிஸ் கால்டன் (டார்வினின் உறவினர்) பயணிகளுக்காக ஒரு கையேடே போட்டார். அதில் ஒரு யோசனை இன்றைக்கும் செல்லும்: குளிர் காற்றுக்குப் பயந்து பெரிய மரத்தடியில் ஒண்டாதே. மரம் மேலே விரிந்திருக்கும், காற்று கீழே புகுந்து வரும். படுத்திருக்கிறவனுக்கு முழங்கால் உயரத் தடுப்பே போதும்!

ஆனால், சமவெளியின் வெயிலையும் காய்ச்சலையும் எத்தனை நாள்தான் தாங்குவது? மேலே ஏறிவிட்டால் என்ன? துரைமார்கள் மலைகளை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி மேல் ஏறினார். முதலில் கோத்தகிரி பக்கம் திம்பட்டியில் டேரா. அப்புறம் இன்னும் உள்ளே போய், இன்னும் குளிரான இடத்தைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. 1822-ல் அங்கே கல்வீடு கட்ட ஆரம்பித்தார். அதுதான் ஊட்டி. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியில் பங்களாக்களும், ஏரியும், யூகலிப்டஸும் வந்தன. மேய்ச்சல் நிலம் தோடர்களின் கையிலிருந்து மெள்ள நழுவியது.

மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகளுக்கும் அதே பிரச்னை. காலராவிலும் காய்ச்சலிலும் வரிசையாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே இருக்கிறதே என்று முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை! 'இது ஆகாது' என்று மேற்கே பழனி மலைத்தொடரில் ஏறி, 1845-ல் இரண்டு வீடு கட்டினார்கள். கொடைக்கானல் பிறந்தது இப்படித்தான். அன்று சிறுமலையில் மட்டும் காய்ச்சல் இல்லாதிருந்தால், இன்று நம்முடைய தேனிலவுத் தம்பதிகள் சிறுமலை ஏரியில் படகு விட்டுக்கொண்டிருப்பார்கள்!

சேலத்துக்காரர்களுக்கு இரண்டு மலைகள் கண் முன்னே இருந்தன. ஒன்று, சேர்வராயன் மலை. இன்னொன்று, கொல்லிமலை. கலெக்டர் காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காபிச் செடி நட்டுப் பார்த்தார். பற்றிக்கொண்டது. பின்னாலேயே எஸ்டேட்டுகள், பங்களாக்கள், சர்ச்சுகள், பள்ளிக்கூடங்கள். ஏற்காடு தயார்!

கொல்லிமலை? 'அங்கே காய்ச்சல்' என்று ஒதுக்கிவிட்டார்கள். முடிந்தது கதை.

*

கொல்லிமலையைப் பற்றி பயமுறுத்துவது வெள்ளைக்காரன் ஆரம்பித்த பழக்கம் அல்ல. அது நம்முடைய பழைய கதை.

முனிவர்கள் தவம் செய்ய அமைதியான இடம் தேடி இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்களாம். (பாருங்கள், அவர்களும் முகாமுக்கு இடம்தான் தேடியிருக்கிறார்கள்!) அசுரர்கள் வந்து தொல்லை கொடுக்க, காவலுக்கு ஒரு பெண் பாவையைச் செய்துவைத்தார்கள். கொல்லிப்பாவை. அவள் அழகாகச் சிரிப்பாள். மயங்கிப் பக்கத்தில் போனால் ஆள் காலி! இன்றும் அங்கே எட்டுக்கை அம்மனைக் கும்பிடுகிறவர்கள், அந்தப் பாவைதான் இவள் என்பார்கள்.

ஆனால், அந்த மலையில் விருந்தும் நடந்திருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரியின் நாடு அது. புறநானூற்றில் வன்பரணர் என்ற புலவர் ஒரு காட்சி சொல்கிறார். பாடிப் பிழைக்கிற ஒரு கூட்டம் காட்டுவழியே வருகிறது. அங்கே ஒரு வேட்டைக்காரன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய், கடைசியில் ஒரு உடும்பின் மேல் நிற்கிறது. களைத்து வந்த அந்தக் கூட்டத்துக்கு அவன் அங்கேயே இறைச்சி சமைத்துப் போட்டு, தன் மலையில் கிடைத்த பொன்னையும் கொடுத்து அனுப்புகிறான். வேட்டைக்காரன் வேறு யாருமில்லை, ஓரிதான். கொல்லிமலையில் நடந்த மிகப் பழைய 'கேம்ப் டின்னர்' இதுவாகத்தான் இருக்கும்! அந்த ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது சங்கப் பாடல்கள் சொல்லும் பிற்பாட்டுச் செய்தி.

இப்போது அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள், மலையாளிகள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கிளம்பி வந்து, ஆளுக்கொரு மலையாகக் குடியேறினார்கள் என்று தங்கள் பூர்விகத்தைச் சொல்வார்கள். மலையையே வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு என்று 'நாடு' 'நாடாக'ப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சாமை, தினை, கேழ்வரகு என்று அவர்கள் விதைத்துவந்த சிறுதானியங்களைத் தேடி, பிற்காலத்தில் விவசாய விஞ்ஞானிகள் மலையேறி வந்தார்கள்.

சரி, வெள்ளைக்காரர்களை விரட்டியடித்த 'பாவை' யார்?

1897-ல் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் ஊட்டிக்கு லீவில் வந்தார். வந்த இடத்தில் சும்மா இராமல், மலேரியாவுக்குப் பேர்போன சீகூர் மலைச்சரிவுக்குப் போய் ஆராய்ச்சி செய்தார். அவரையே காய்ச்சல் படுக்கவைத்தது! எழுந்து செகந்திராபாத் போய், அதே வருடம் ஆகஸ்ட் 20-ம் தேதி, ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902-ல் நோபல் பரிசு.

ஆக, காற்று நிரபராதி. குற்றவாளி கொசு. பழைய விதிமுறைகளை இந்த வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் சுவாரஸ்யம். 'ராத்திரி அடிவாரத்தில் தங்காதே' என்றார்களே, அது சரி. காரணம்தான் தப்பு. அனாபிலிஸ் கொசு கடிப்பது ராத்திரியில். 'உயரத்துக்குப் போ' என்றதும் சரி. வெப்பம் சுமார் 16 டிகிரிக்குக் கீழே போனால், கொசுவின் உடம்புக்குள் மலேரியாக் கிருமி வளர முடியாது. 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியும், 2,100 மீட்டரில் இருக்கிற கொடைக்கானலும் தப்பித்தது இதனால்தான். 1,500 மீட்டரில் இருக்கிற ஏற்காடு ஓரளவு தப்பியது. அதற்கும் தணிவான கொல்லிமலை மாட்டிக்கொண்டது!

பெரிய வேடிக்கை, 'தெளிந்த ஓடைப் பக்கம் கூடாரம் போடு' என்ற விதிதான். நம் ஊர் மலைச்சரிவுகளில் மலேரியாவைப் பரப்புகிற முக்கியமான கொசுவுக்கு அனாபிலிஸ் ஃப்ளூவியாடிலிஸ் என்று பெயர். சாக்கடை அதற்குப் பிடிக்காது. மெள்ள ஓடுகிற தெளிந்த ஓடையின் புல் ஓரம்தான் அதன் பிரசவ ஆஸ்பத்திரி! சாக்கடையைப் பார்த்து ஒதுங்கி, ஸ்படிகம் மாதிரி தண்ணீரைப் பார்த்து மயங்கி, பக்கத்தில் போய்ப் படுத்தவனைச் சிரித்துக்கொண்டே கொன்றது அது. கொல்லிப்பாவை கதை பொய் என்று யார் சொன்னது?

*

எல்லாரும் பயந்து ஒதுங்கிய மலையை, தெரிந்தே தேர்ந்தெடுத்த ஒரு குடும்பமும் உண்டு.

ஜெஸ்ஸி பிராண்ட், இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி. ஓரளவு வைத்தியமும் படித்தவர். 'மரண மலை, அங்கே போகாதீர்கள்' என்று மற்றவர்கள் எச்சரித்த கொல்லிமலையைத்தான் தங்குவதற்குப் பொறுக்கி எடுத்தார். 1913-ல் ஈவ்லின் என்ற லண்டன் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு மேலே ஏறினார். வசதியான வீட்டுப் பெண், ஓவியம் பழகியவர். சாலை கிடையாது, வண்டி கிடையாது. 1914-ல் மகன் பால் பிறந்தான். இரண்டு வருடம் கழித்து ஒரு மகள்.

காய்ச்சலுக்கு கொய்னா கொடுத்தார்கள், பல் பிடுங்கினார்கள், புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். அந்த நாளில் மலையில் நரம்புச் சிலந்தி நோய் உண்டு. அசுத்தமான தண்ணீர் வழியே உள்ளே போகும் புழு, ஒரு வருடம் கழித்து காலைத் துளைத்துக்கொண்டு நூல் மாதிரி வெளியே வரும். அதை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், நாள் கணக்கில் இழுத்து எடுக்க வேண்டும். அப்பா இதைச் செய்வதைச் சிறுவன் பால் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். (இந்தியா முழுவதும் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000-ல்தான்.)

படிப்புக்காக 1923-ல் பிள்ளைகளை இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது 9 வயது. அதன்பிறகு அவன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929 ஜூனில், மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகிற 'பிளாக் வாட்டர்' காய்ச்சலில் ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையிலேயே இறந்தார். ராஸ், கொசுவைக் கையும் களவுமாகப் பிடித்து 32 வருடங்கள் ஆகியிருந்தன. கொய்னாவைப் பிரித்தெடுக்கக் கற்றே 109 வருடங்கள். விஞ்ஞானம் வளர்ந்திருந்தது, மலையில் ஏறத்தான் அதற்கு இவ்வளவு காலம்.

கதை அங்கே முடியவில்லை. ஓய்வு பெறும் வயது வந்த பிறகும் ஈவ்லின் ஊருக்குப் போகவில்லை. அந்த மலைகளையே சுற்றிச் சுற்றி வந்தார். மட்டக்குதிரையில் ஏறி, பிற்பாடு கம்பு ஊன்றிக்கொண்டு... வெளியுலகத்துக்கு அவர் 'கிரானி பிராண்ட்' ஆனார். 1974-ல் 95-வது வயதில் காலமானார். கொல்லிமலையில் வளர்ந்த பையன் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தி, உலகப் புகழ் பெற்றார்.

மற்றவர்கள் தங்களுக்கு எந்த இடம் நல்லது என்று பார்த்து இடம் பிடித்தார்கள். இந்தக் குடும்பம் எங்கே ஆள் தேவை என்று பார்த்து இடம் பிடித்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது.

*

'கொசு மட்டும் இல்லாவிட்டால் கொல்லிமலை இன்னொரு ஏற்காடு ஆகியிருக்கும். காடும் நிலமும் எஸ்டேட்காரன் கையில் போயிருக்கும். ஆக, கொசுதான் மலையைக் காப்பாற்றிய காவல் தெய்வம்' என்று சிலர் சிலாகிப்பதுண்டு. பாதி உண்மை. தோடர்களுக்கு நடந்ததைப் பார்க்கும்போது, அந்த நிம்மதி பெருமூச்சு நியாயம்தான்.

மீதிப் பாதியை யோசியுங்கள். துரை காய்ச்சலுக்குப் பயந்து இறங்கிப் போய்விட்டார். மலையாளி எங்கே இறங்கிப் போவது? அதே ஓடை, அதே கொசு, அதே காய்ச்சல். துரை தங்காத மலைக்கு சாலை எதற்கு, ஆஸ்பத்திரி எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு? ஒரு கூட்டம் 'இங்கே தங்க மாட்டோம்' என்று முடிவெடுத்தால், அங்கேயே இருக்கிற கூட்டம் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பித்து, டி.டி.டி. மருந்தோடு ஆட்கள் வந்த பிறகுதான் இந்த நாட்டின் மலைக் கிராமங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சலிலிருந்து தலைதூக்கின.

இன்று பயமெல்லாம் போய்விட்டது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அதையே ஒரு விளையாட்டு மாதிரி எண்ணிக்கொண்டு பைக்கில் ஏறுகிறார்கள். ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா. கட்டில் போட்ட பெரிய கேரவன் வண்டிகளுக்கு அந்த வளைவுகள் சரிப்பட்டு வராது. அது மலைக்கு நல்லதோ என்னவோ! அப்படி ஒரு வண்டியை முதன்முதலில் சும்மா ஊர் சுற்றுவதற்காகவே செய்து வாங்கியவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கப்பற்படை டாக்டர். 1885-ல், இங்கிலாந்தில், குதிரைகள் இழுத்த வண்டி. சாலை எங்கே போகிறதோ, அங்கேதான் அவரும் போனார். மடித்துத் தூக்கிக்கொண்டு போகிற கூடாரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எங்கே வேண்டுமானாலும் நிமிர்ந்துவிடும். வில்லங்கம் அங்கேதான்.

2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், காட்டோரமாகக் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு சுற்றுலாப் பயணியை யானை மிதித்துக் கொன்றது. யானை வந்துபோகிற இடத்தில் ராத்திரி படுக்கலாமா என்பதை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்தக் காலத்து துரைமார்களும் மாந்தோப்பைக் கேட்டார்கள், கிணற்றைக் கேட்டார்கள், காற்றைக்கூட முகர்ந்து பார்த்தார்கள். அங்கேயே வாழ்கிறவரிடம் கேட்பதுதான் பெரும்பாலும் விட்டுப்போயிற்று.

அதனால், நீங்கள் அடுத்த தடவை மலைக்குக் கிளம்பும்போது, கூடாரத்தைப் பிரிப்பதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது வனத்துறையின் காடா, யாருடைய சாமை வயலா? காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தங்குவதும் நெருப்பு மூட்டுவதும் சட்டப்படி குற்றம். இந்த ஓடைத் தண்ணீரைக் கீழே யார் குடிக்கிறார்கள்? ராத்திரி இந்த வழியில் எது வரும்? இதற்கெல்லாம் பதில் கூகுளில் கிடைக்காது. பக்கத்துப் பட்டியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். 'ஐயா, இங்க தங்கலாமா?' என்று அவரிடம் கேளுங்கள்.

அவர் 'வேணாம் சாமி, அந்தப் பக்கம் போங்க' என்று கையை நீட்டினால், பேசாமல் அந்தப் பக்கம் போய்விடுங்கள். ராத்திரிக்குக் கொசுவலையையும் மறந்துவிடாதீர்கள்!